அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து பார்க்க எந்த டிவி வாங்கலாம்? எல்.இ.டி.யா, ஓலெடா, புரொஜெக்டரா?

கும்பகோணம்_மகள்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வீட்டைப் பற்றிச் சொல்லாமல் கேட்டால் சரியான பதில் கிடைக்காது என்று தோன்றுகிறது.

எங்கள் வீடு கும்பகோணத்தில் பழைய நாட்டு ஓட்டு வீடு. நடுவில் முற்றம். முற்றத்தை ஒட்டிய கூடத்தில் ஊஞ்சல். ஊஞ்சலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு மாடம், அதில்தான் டிவி. அப்பாவும் அம்மாவும் மட்டும் அங்கே இருக்கிறார்கள். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். 2012இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிக் கொடுத்த 32 அங்குல எல்.சி.டி. டிவி போன மாதம் ஒரேயடியாக நின்றுவிட்டது. அதற்கு முன்பே திரையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்திருக்கிறது. ஆறேழு மாதம் அந்தக் கோட்டோடேயே பார்த்திருக்கிறார்கள். என்னிடம் மூச்சு விடவில்லை. கேட்டால், "உனக்கு எதற்கு வீண் செலவு" என்கிறார் அம்மா. அதைக் கேட்டு எனக்கு மனசே சரியில்லை. இந்த முறை நன்றாக விசாரித்து வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அப்பாவுக்கு 76 வயது. இரண்டு கண்ணிலும் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. காலைக் காபியிலிருந்து இரவுச் சாப்பாடு வரை செய்திச் சேனல்தான். இரண்டு சேனலுக்குள் மாற்றி மாற்றி வைப்பார். கீழே ஓடும் வரியை வாய்விட்டுப் படித்து அம்மாவுக்குச் சொல்வது அவர் வழக்கம். மேட்ச் இருக்கும் நாளில் கிரிக்கெட். அம்மா மாலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை சீரியல் பார்ப்பார். ஆனால் டிவிக்கு நேரே உட்கார மாட்டார். சமையலறை நிலைப்படி ஓரமாக அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு, மறுநாளைக்கு வேண்டிய காயை நறுக்கியபடி பக்கவாட்டில்தான் பார்ப்பார். பல வருடமாக அப்படித்தான்.

இப்போது குழப்பம் என்னவென்றால், அத்தான் புரொஜெக்டர் வாங்கு என்கிறார். 100 அங்குலம், வீடே தியேட்டர் மாதிரி இருக்கும், மாமாவுக்கு எழுத்தும் பெரிதாகத் தெரியும் என்கிறார். சென்னையில் இருக்கும் தம்பி, வாங்கினால் ஓலெட் வாங்கு, இல்லாவிட்டால் வாங்காதே என்கிறான். கடைக்காரர் க்யூலெட் என்கிறார். கடையில் பார்த்தால் எல்லாமே கண்ணைப் பறிக்கிறது. எது நல்லது என்று நின்று நிதானிக்க முடியவில்லை.

டேப் வைத்து அளந்தேன். ஊஞ்சலிலிருந்து சுவர் 9 அடி. மாடத்தின் அகலம் நாலரை அடி. கையில் 75,000 ரூபாய் இருக்கிறது. அவசியம் என்றால் இன்னும் கொஞ்சம் புரட்டலாம். தீபாவளிக்குள் வாங்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கோவை_மாடியறை:

சகோதரி, நான் புரொஜெக்டர் வைத்திருப்பவன். அதனால் முதலில் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம்.

எனக்கு அது உயிர். வீட்டு மாடியில் 12க்கு 14 அடி அறை ஒன்று சும்மா கிடந்தது. 2021இல் அந்த அறையின் ஜன்னலுக்குக் கெட்டித் திரைச்சீலை போட்டு, திரைக்கு இரண்டு பக்கச் சுவருக்கும் கூரைக்கும் அடர்ந்த மெரூன் பெயின்ட் அடித்தேன். வெள்ளைச் சுவராக இருந்தால் திரையிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பவும் திரைக்கே வந்து படத்தை வெளுக்கச் செய்துவிடும். பெயின்ட் அடித்த அன்று இரவு போட்டுப் பார்த்தபோது படமே வேறாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எட்டு பேர் பாயில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த மகிழ்ச்சியை 55 அங்குல டிவி எனக்குத் தராது.

ஆனால் அதெல்லாம் இருட்டில். புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தைத் திரையில் போட முடியாது, இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வெளிச்சம் போடாமல் விடத்தான் முடியும். அறையில் ஏற்கெனவே எவ்வளவு வெளிச்சம் திரைமேல் விழுகிறதோ அதுதான் உங்கள் கறுப்பு. முற்றத்து வெளிச்சம் கூடத்தில் விழும் வீட்டில் பகல் 11 மணிக்குக் கறுப்புக் கோட்டுப் போட்டவர் சாம்பல் கோட்டுப் போட்டவராகத்தான் தெரிவார்.

கணக்காகவே சொல்கிறேன். 100 அங்குலத் திரையின் பரப்பு ஏறக்குறைய இரண்டே முக்கால் சதுர மீட்டர். மலிவு விலையில் வரும் புரொஜெக்டர்களில் உண்மையான ஆன்சி லூமென் (தர முறைப்படி அளந்த வெளிச்சம்) 500 இருந்தால் அதுவே நல்லது. பெட்டிமேல் 9,000, 12,000 என்று வெறும் லூமென் போட்டிருப்பதை நம்ப வேண்டாம், ஆன்சி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த 500 லூமெனைச் சாதாரண வெள்ளைத் திரையில் பரப்பினால் 58 நிட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் கிடைக்கும். சினிமா தியேட்டர் திரைக்கே அளவு 48 நிட்தான். இருட்டாக இருப்பதால் அது போதுகிறது. ஒரு சாதாரண எல்.இ.டி. டிவி 250, 300 நிட் கொடுக்கும். பகலில் கூடத்தில் வைத்துப் பார்க்கப் புரொஜெக்டர் ஏன் தோற்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் விளக்கு. என்னுடையது பல்ப் வைத்த மாடல். பல்பின் ஆயுள் 4,000, 5,000 மணி நேரம் என்பார்கள். அதுவும் வெளிச்சம் பாதியாகக் குறையும் வரைக்கான கணக்கு. நான் வாரத்துக்கு ஆறு மணி நேரம் போடுகிறேன், கவலை இல்லை. அப்பா ஒரு நாளைக்கு 12 மணி நேரம் போட்டால் வருடத்துக்கு 4,380 மணி. வருடம் ஒரு பல்ப். லேசர் மாடலுக்கு 20,000 மணி நேரம் சொல்கிறார்கள். அதுவும் நாலரை வருடத்தில் வந்துவிடும். கரண்ட் திடீரென்று போனால் ஃபேன் நின்று பல்ப் சூட்டிலேயே கிடக்கும். பல்புக்கு அது கெடுதல். நான் இதற்காகவே சின்ன யு.பி.எஸ். வைத்திருக்கிறேன்.

சுவரை ஒட்டி வைத்தே 100 அங்குலம் போடும் லேசர் புரொஜெக்டர்களும், மேலிருந்து வரும் அறை வெளிச்சத்தை விலக்கும் தனித் திரைகளும் உண்டு. நல்லவைதான். இரண்டையும் சேர்த்தால் உங்கள் பட்ஜெட்டைப் போல் பல மடங்கு ஆகும். அத்தானுக்கு வீட்டில் இருட்டறை இருந்தால் அவரை வாங்கச் சொல்லுங்கள், என்னாலான உதவியை நான் செய்கிறேன்.


வேளச்சேரி_இரவுக்காட்சி:

உங்கள் தம்பி சொல்வதில் தப்பு இல்லை. படத்தின் தரம் மட்டும் பேசினால் ஓலெட்டுக்கு மேல் இன்றைக்கு எதுவும் இல்லை என்பதுதான் என் எண்ணம். எல்.சி.டி., எல்.இ.டி., க்யூலெட், மினி எல்.இ.டி. எல்லாமே ஒரே குடும்பம். பின்னால் ஒரு விளக்கு எரியும், முன்னால் இருக்கும் திரவப் படிகம் அந்த விளக்கை மறைத்தும் திறந்தும் படம் காட்டும். முழுவதும் மறைக்க அதனால் முடியாது, கொஞ்சம் கசியும். ஓலெட்டில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, தானே அணைகிறது. 2007இல் சோனி 11 அங்குலத்தில் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2013இல் எல்ஜி 55 அங்குலத்தில் கொண்டுவந்தது. நான் 2019இல் வாங்கினேன். இரவு 11 மணிக்கு விளக்கெல்லாம் அணைத்துவிட்டு அகலத் திரைப்படம் ஒன்றைப் போட்டால், மேலும் கீழும் இருக்கும் கறுப்புப் பட்டை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு இரண்டு மணி வரை தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

க்யூலெட் என்ற பெயரைக் கேட்டு ஓலெட்டின் தங்கை என்று நினைத்துவிடாதீர்கள். அது குவாண்டம் டாட் தாள் ஒன்றை உள்ளே வைத்த எல்.சி.டி.தான். நீல விளக்கிலிருந்து சுத்தமான சிவப்பையும் பச்சையையும் அந்த நுண்துகள்கள் எடுத்துத் தருகின்றன. நிறம் நன்றாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. குவாண்டம் டாட் கண்டுபிடிப்புக்கு 2023இல் வேதியியல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஆனால் கறுப்பு, எல்.சி.டி.யின் கறுப்புதான். மினி எல்.இ.டி.யில் பின்விளக்கை நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, வேண்டாத இடத்தில் அணைக்கிறார்கள். ஓலெட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. இருட்டுக் காட்சியில் வெள்ளை எழுத்து வந்தால் சுற்றிலும் லேசாகப் புகை மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

இவ்வளவும் சொன்ன நானே, அப்பாவுக்கு ஓலெட் வாங்காதீர்கள் என்றும் சொல்கிறேன். 2020 ஊரடங்கில் என் மாமனார் எங்களுடன் ஒன்றரை வருடம் இருந்தார். பகல் முழுக்கச் செய்தி. ஒரே சேனல். அந்தச் சேனலின் முத்திரை இருந்த மூலையிலும், கீழே வரி ஓடும் சிவப்புப் பட்டை இருந்த இடத்திலும் இன்றைக்கும் மங்கலாகத் தழும்பு இருக்கிறது. கிரிக்கெட் மைதானத்தின் பச்சை முழுத்திரையில் வரும்போது தெரியும். அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிவி பார்க்கத்தானே இருக்கிறது.

இன்னொன்றை அப்போது நான் அறியாமல் போனேன். ஓலெட் டிவி ரிமோட்டில் அணைத்த பிறகும் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது, தேய்ந்த புள்ளிகளைச் சரிக்கட்டும் வேலையைத் தானே செய்துகொள்ளும். அதற்குக் கரண்ட் வேண்டும். எங்கள் வீட்டில் இரவு படுக்கும் முன் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவோம். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் எல்லோருமே அப்படித்தான். அந்த வேலை மாதக்கணக்கில் நடக்காமலே போயிருக்கிறது.


பாளையங்கோட்டை_சர்வீஸ்:

தங்கச்சி, நான் 1998லிருந்து டிவி சர்வீஸ் பார்க்கிறேன். பிக்சர் டியூப் காலத்தில் தொழிலுக்கு வந்தவன். 2006 தேர்தலுக்கு அப்புறம் அரசாங்கம் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி எத்தனையோ என் மேஜைக்கு வந்திருக்கிறது. இப்போதும் கிராமத்திலிருந்து எப்போதாவது ஒன்று வருகிறது. அதனால் கடையில் எது பளபளக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. ஐந்து வருடம் கழித்து எது என் மேஜைக்கு வருகிறது, வந்தால் சரிசெய்ய முடிகிறதா என்று பார்ப்பேன்.

மேலே இரண்டு தம்பிமாரும் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். புரொஜெக்ஷன் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். 2000 வாக்கில் இங்கே ஒன்றிரண்டு பெரிய வீடுகளில் புரொஜெக்ஷன் டிவி இருந்தது. பீரோ மாதிரி பெட்டி. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்ன டியூப், ஒரு கண்ணாடி, முன்னால் திரை. மூன்று டியூபும் திரையில் ஒரே இடத்தில் சேர வேண்டும். கொஞ்ச நாளில் விலகிவிடும். செய்தி வாசிப்பவர் முகத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமும் ஓரம் கட்டும். அதைச் சேர்த்துக் கொடுக்க எனக்கு அரை நாள் ஆகும். எதிரே சோபாவில் உட்கார்ந்தவருக்குப் படம் தெரியும், பக்கத்தில் தரையில் உட்கார்ந்த பாட்டிக்கு இருட்டாகத் தெரியும். சோனி 2008இல் புரொஜெக்ஷன் டிவியையே நிறுத்தியது, மிட்சுபிஷி 2012 கடைசியில் நிறுத்தியது. பிளாஸ்மா டிவியும் அப்படித்தான் போனது. படம் அருமையாக இருக்கும், ஆனால் சூடும் கனமும் அதிகம். பானசோனிக் 2013இல் அதைக் கைவிட்டது. நான் இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன் அம்மா உட்காரும் இடம்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அந்தப் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது.

எல்.இ.டி. பேனலில், அதாவது படம் காட்டும் திரைப் பலகையில், இரண்டு சாதி உண்டு. ஒன்று ஐ.பி.எஸ்., இன்னொன்று வி.ஏ. வி.ஏ. பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும். நேரே உட்கார்ந்து இரவில் சினிமா பார்ப்பவருக்கு அதுதான் சரி. ஆனால் பக்கவாட்டில் போனால் முகம் வெளுத்துவிடும். ஐ.பி.எஸ். பேனலில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாக இருக்கும். கணக்குக்குச் சொன்னால் ஐ.பி.எஸ்.ஸில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் ஆயிரம் மடங்கு, வி.ஏ.யில் மூவாயிரத்துக்கு மேல். ஆனால் ஐ.பி.எஸ்.ஸில் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. முற்றத்து வெளிச்சம் விழும் கூடத்தில் அந்தக் கறுப்பின் ஆழம் யாருக்கும் தெரியப்போவதில்லை. பக்கவாட்டுப் பார்வை அம்மாவுக்குத் தினமும் மூன்று மணி நேரம் தெரியும். உங்கள் வீட்டுக்கு ஐ.பி.எஸ்.தான்.

பெட்டிமேல் இதை எழுத மாட்டார்கள். ஒரே மாடலில் 55க்கு ஒரு பேனலும் 65க்கு வேறு பேனலும் போடுவார்கள். அதனால் கடையில் நீயே பார். முகம் பெரிதாக வரும் காட்சியைப் போடச் சொல். நேரே நின்று பார். அப்படியே நாலைந்து எட்டு பக்கவாட்டில் நகர்ந்து, அம்மா உட்காரும் கோணத்துக்குப் போய்த் தரையோடு உட்கார்ந்து பார். தயங்காதே, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முகத்தின் நிறம் அப்படியே இருந்தால் அது உன் டிவி. அடுத்தது, டிவியை அணைக்கச் சொல்லிக் கறுத்த திரையில் உன் முகம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பார். கண்ணாடி மாதிரி தெரிந்தால் வேண்டாம். ஊஞ்சலுக்குப் பின்னால்தானே முற்றம், அது முழுக்கத் திரையில் தெரியும். கடையில் எல்லா டிவியும் ஷாப் மோடில் ஓடும். வெளிச்சம் நூற்றுக்கு நூறு. செட்டிங்கில் போய் ஹோம் மோடுக்கு மாற்றச் சொல்லிவிட்டு அப்புறம் பார்.

அளவு. 9 அடி என்பது 108 அங்குலம். நான் 1.6ஆல் வகுக்கச் சொல்வேன். 67.5 வருகிறது. 65 அங்குலம் வாங்கலாம். 55 போதும் என்று சொல்வார்கள், கண் நன்றாக இருப்பவருக்குப் போதும். கீழே ஓடும் வரியைப் படிக்க வேண்டிய 76 வயதுக்காரருக்கு 65. சாதாரண 4கே எல்.இ.டி. 65 அங்குலம் உன் பணத்துக்குள் கிடைக்கும். 2025 செப்டம்பர் 22லிருந்து 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

ஆனால் 65 அங்குலத்துக்குத் திரை மட்டுமே 4 அடி 9 அங்குல அகலம். உன் நாலரை அடி மாடத்தில் நுழையாது. சுவரில் மாட்டலாம் என்று கடைக்காரப் பையன் வந்து துளை போடுவான், விடாதே. நாட்டு ஓட்டு வீடு என்றால் சுண்ணாம்புக் காரைச் சுவராக இருக்கும். துளை போட்டால் காரை பொடிப்பொடியாகக் கொட்டும், ஸ்க்ரூவைத் தாங்கும் பிளக் பிடிக்காது. 20 கிலோவுக்கு மேல் கனம். அப்படிச் சுவரோடு பெயர்ந்து விழுந்த டிவி ஒன்றை நான் போய்ப் பார்த்திருக்கிறேன், கீழே குழந்தை விளையாடிக்கொண்டிருந்த இடம். நல்லவேளை, விழுந்தது ராத்திரி. மேஜையில் கால் வைத்து நிறுத்துவதுதான் பத்திரம்.

இப்போது என் தொழில் விஷயம், இதை அப்பாவிடம் படித்துக் காட்டு. என்னிடம் வரும் எல்.இ.டி. டிவிகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்: சத்தம் வருகிறது, படம் வரவில்லை. இருட்டில் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்துப் பார்த்தால் உள்ளே படம் மங்கலாக ஓடுவது தெரியும். அப்படியானால் பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட் ஸ்ட்ரிப், அதாவது பின்விளக்குப் பட்டை, போய்விட்டது. ஸ்ட்ரிப்பில் எல்.இ.டி.கள் தொடராகக் கோத்திருக்கும், ஒன்று எரிந்தால் எல்லாம் அணையும். ஏன் எரிகிறது? வாங்கிய நாளிலிருந்து பேக்லைட்டை 100லேயே வைத்திருப்பார்கள். சூட்டிலேயே செத்துப்போகும். பகலில் 60, இரவில் 40 என்று வைத்தால் கண்ணுக்கும் இதம், ஸ்ட்ரிப்பும் கூடுதல் வருடம் உழைக்கும். ஸ்ட்ரிப் போனால் சில ஆயிரத்தில் மாற்றலாம். பேனல் போனால் டிவி விலையில் பெரும்பகுதி. உங்கள் பழைய டிவியில் விழுந்த பச்சைக் கோடு பேனல் சம்பந்தப்பட்டது. திரையைத் துடைக்கும்போது தண்ணீரை நேராக அடித்தாலோ, ஈரத்துணியைப் பிழியாமல் துடைத்தாலோ தண்ணீர் கீழ் ஓரத்துக்கு வடிந்து உள்ளே இறங்கும். அங்கேதான் பேனலுக்குப் போகும் மெல்லிய இணைப்புகள் இருக்கின்றன. கோடு விழ அது ஒரு முக்கியக் காரணம். உலர்ந்த மெல்லிய துணி போதும். ஆயுத பூஜைக்கு அம்மா சந்தனம் குங்குமம் வைப்பார்கள் என்றால் டிவிக் காலில் வைக்கச் சொல், திரையில் வேண்டாம்.


கும்பகோணம்_மகள்:

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு போனில் அப்படியே படித்துக் காட்டினேன். ஈரத்துணி விஷயத்தைக் கேட்டதும் அம்மா அமைதியாகிவிட்டார். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்து வைப்பது அவர்தான். தெரியாமல் செய்தது, விடுங்கள் அம்மா என்றேன். கோவை அண்ணனுக்கும் வேளச்சேரி அண்ணனுக்கும் மிகவும் நன்றி. தாங்கள் ஆசையாக வைத்திருப்பதையே எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

இரண்டு சந்தேகம். தாத்தா காலத்துத் தேக்கு பெஞ்சு ஒன்று இருக்கிறது. நீளம் 6 அடி, உயரம் ஒன்றரை அடி. அதை மாடத்துக்கு முன்னால் போட்டு டிவியை வைக்கலாமா? உயரம் குறைவாக இருக்குமா? வீட்டில் டிஷ் இருக்கிறது, சாதாரண பாக்ஸ்தான், ஹெச்.டி. இல்லை. அதுவே போதுமா? ஸ்டெபிலைசர் வாங்க வேண்டுமா?


பாளையங்கோட்டை_சர்வீஸ்:

பெஞ்சு அருமை. ஒன்றரை அடி பெஞ்சின்மேல் 65 அங்குலம் நின்றால் திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து 3 அடியில் வரும். ஊஞ்சலில் உட்கார்ந்தவருக்கும் தரையில் உட்கார்ந்த அம்மாவுக்கும் கழுத்து வலிக்காது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள். இப்போது வரும் பெரிய டிவிகளுக்குக் கால் இரண்டு ஓரத்திலும் இருக்கும். இரண்டு காலுக்கும் இடையே எவ்வளவு, பெஞ்சின் பலகை அகலத்துக்குள் கால் முழுதாக நிற்கிறதா என்று அளந்துவிட்டு வாங்கு. பழைய பெஞ்சுப் பலகை ஒடுக்கமாக இருக்கும், ஓர் அடிக்குக் குறையக் கூடாது.

பாக்ஸை ஹெச்.டி.யாக மாற்றிவிடு. 32 அங்குலத்தில் தெரியாத குறை 65இல் தெரியும். எழுத்தின் ஓரம் அரித்தமாதிரி இருக்கும். அப்பா படிப்பதே அந்த எழுத்தைத்தான். மாற்றியதும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைக்கச் சொல். சில வீடுகளில் புது பாக்ஸை வைத்துவிட்டுப் பழைய வயரிலேயே விட்டுப் போய்விடுகிறார்கள். அப்படியானால் படம் பழைய படம்தான். டிவியை ஆன் செய்ததும் நேராக டிஷ் வரும்படி செட்டிங்கில் ஒரு வழி இருக்கும், அதையும் போட்டுக் கொடு. பெரியவர்கள் ரிமோட்டில் தேடித் திண்டாட வேண்டாம்.

ஸ்டெபிலைசர் பெரும்பாலும் தேவையில்லை. பின்னால் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் ஏற்ற இறக்கத்தை அதுவே தாங்கிக்கொள்ளும். அந்தப் பணத்தில் வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல். மழைக்காலத்தில் இடி இடித்தால் டிவியின் பிளக்கைக் கழற்றுவார்கள், டிஷ் கேபிளை விட்டுவிடுவார்கள். மொட்டை மாடியிலோ கூரையிலோ இருக்கும் டிஷ்ஷிலிருந்து அந்தக் கேபிள் வழியாகப் பாக்ஸுக்கு வந்து, எச்.டி.எம்.ஐ. வழியாக டிவி போர்டையும் சேர்த்து எரித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் எனக்கு வரும் வேலையில் பெரும்பங்கு இதுதான். இரண்டையும் கழற்ற வேண்டும்.


கும்பகோணம்_மகள்:

வாங்கிவிட்டோம். 65 அங்குல 4கே எல்.இ.டி., 68,000 ரூபாய். நான்கு டிவியை அண்ணாச்சி சொன்னபடி தரையில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் கூச்சமாக இருந்தது. கடையில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் எனக்காக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். க்யூலெட் ஒன்று நேரே பார்க்க மிக அழகாக இருந்தது, விலையும் கட்டுப்படியானது. பக்கவாட்டில் போனதும் முகம் வெளிறிவிட்டது. அதை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த விலையில், நிறம் மாறாமல் இருந்ததை எடுத்தேன். அணைத்த திரையிலும் என் முகம் நிழலாகத்தான் தெரிந்தது.

பெஞ்சுப் பலகை 14 அங்குலம். கால் சரியாக உட்கார்ந்தது. ஹோம் மோடில் பேக்லைட் 60 வைத்துவிட்டு வந்தேன். முதல் இரண்டு நாள் கடையில் பார்த்த அளவுக்கு வெளிச்சமில்லையே என்று அப்பா கேட்டார், இப்போது கேட்பதில்லை. கீழே ஓடும் வரியை ஊஞ்சலை ஆட்டிக்கொண்டே படிக்கிறார். முன்பெல்லாம் காலை ஊன்றி நிறுத்திவிட்டு முன்னால் குனிந்து படிப்பார்.

ஹெச்.டி. பாக்ஸை மாற்ற வந்தவர், அண்ணாச்சி சொன்னதுபோலவே பழைய மூன்று வயரைத்தான் எடுத்தார். அப்பாவே எச்.டி.எம்.ஐ. போடச் சொல்லியிருக்கிறார். போன வியாழக்கிழமை ராத்திரி அங்கே நல்ல இடி மழை. எனக்கு நினைவு வந்து போன் செய்வதற்குள், பிளக், டிஷ் கேபிள் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் அப்பா படுக்கப் போயிருக்கிறார்.